ஐந்தரை பி.எஸ்.ஐ.: ஒரு மொறிஸ் மைனரில் பெற்றோல் வழிந்த நிகழ்வின் ஆய்வு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டில் நிற்பது 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 1098 சீ.சீ. எஞ்சின், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்க எஸ்.யூ. கம்பனியின் எச்.எஸ்.2 காபரேற்றர் ஒன்று, 12 வோல்ட் பற்றரி. பழைய முறைப்படி பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் பொடியோடு (உலோக உடலோடு) பூட்டியிருக்கும். அப்பா 1981இல் வாங்கிய கார். இந்தக் காரில் ஏழு மாதம் பெற்றோல் வழிந்தது, மூன்று கராஜ் ஏறி இறங்கினோம், கடைசியில் பிழை எங்கே இருந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்னும் நிறைய மைனர்கள் ஓடுகின்றன. இதே நோய் வேறு யாருக்காவது வந்தால் எங்களைப் போல் காசையும் நாளையும் வீணாக்கக்கூடாது.

எல்லாம் 2022இல் தொடங்கியது. பெற்றோல் தட்டுப்பாடு வந்த வருடம். ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டார்கள். அதற்கு முன்பே அப்பா மைனரை ஓடாமல் நிறுத்திவிட்டார். வரிசையில் நிற்க அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை, எனக்கு வேலை. தாங்கியில் ஆறேழு லீற்றர் பெற்றோலோடு பத்து மாதம் கொட்டிலுக்குள் நின்றது.

2023 மே மாதம் எடுத்து ஓடிப் பார்க்கலாம் என்று திறப்பைத் திருப்பினேன். பம்ப் அடிக்கவில்லை.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். இந்தக் காரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது, எஞ்சின் அறையின் பின்சுவரில் பூட்டியிருக்கும். திறப்பைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும். காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறை நிரம்பி, அதன் வாயை அடைக்கும் ஊசி வால்வு மூடியதும் பெற்றோல் போக வழி இல்லாமல் பம்ப் தானாக நின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது குடிக்கிற அளவுக்கு ஏற்ப ஆங்காங்கே ஒரு டிக். அந்தச் சத்தம் ஓயாமல் கேட்டால் எங்கோ ஒழுகுகிறது அல்லது தாங்கி வெறுமை. சத்தமே இல்லையென்றால் பம்ப் செத்துவிட்டது. அன்று சத்தம் இல்லை.

தெரிந்த ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். “தம்பி, இந்தப் பம்புக்கு இனிச் சாமான் எடுக்கேலாது. சின்னப் பெட்டிப் பம்ப் ஒண்டு இருக்கு, போட்டுத் தாறன், ஓடும்” என்றார். சவர்க்காரக் கட்டி அளவில் இருக்கும் மின்னணுப் பம்ப் அது. பழைய எஸ்.யூ. பம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பூட்டினார், வயர்களை மாற்றிக் கொடுத்தார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். பம்ப் வந்த அட்டைப் பெட்டியில் 12 வோல்ட் என்று மட்டும் இருந்தது. எத்தனை அமுக்கம் தரும் என்று ஒரு எழுத்தும் இல்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நோய் தெரியத் தொடங்கியது. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். கந்தர்மடம் சந்தி தாண்டி மெதுவாக ஊரும்போது எஞ்சின் தடுமாறும், சைலன்சரில் கறுப்புப் புகை. அக்சிலேற்றரை மிதித்தால் தெளியும், விட்டால் திரும்பத் தடுமாறும். ஒரு நாள் நல்லூர்ப் பக்கம் நின்றுவிட்டது. பொனற்றைத் திறந்தால் மிதவை அறை மூடியில் உள்ள வழிகுழாயால் பெற்றோல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மைனரின் ஏ சீரிஸ் எஞ்சினில் காபரேற்றரும் புகைபோக்கிக் குழாய்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, காபரேற்றருக்குக் கீழேதான் சூடான இரும்பு. வழிகுழாய் பெற்றோலைக் கீழே தரைக்குக் கொண்டுபோகவே வைக்கப்பட்டது. ஆனால் அந்தக் குழாய் வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோ பெற்றோல் நேரே சூட்டில் விழும். வழிவதைக் கண்டால் திறப்பை உடனே மூடுங்கள். “ஒருக்கா அடிச்சுப் பாப்பம்” என்று ஸ்டார்ட்டரை அடிக்காதீர்கள். நான் அன்று இரண்டு தரம் அடித்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகு காரில் பவுடர் தீயணைப்பான் ஒன்று வைத்திருக்கிறேன்.

அடுத்த ஏழு மாதத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கராஜில் ஊசி வால்வும் அது உட்கார்ந்து மூடும் சீற்றும் பழுது என்று புதிது போட்டார்கள். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் வழிந்தது. இரண்டாவது கராஜில் மிதவையில் ஓட்டை என்றார்கள், புதிய மிதவை போட்டார்கள். அதுவும் போதாமல் புதிய ஊசியை அரைக்கும் பசை தடவிச் சீற்றோடு சேர்த்து உரஞ்சினார்கள். வால்வு உரஞ்சுவது எஞ்சின் வால்வுக்குச் சரி. இந்த ஊசிக்கு அது நஞ்சு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது கூம்பு முனையைச் சுற்றி ஒரு பள்ள வளையம், நகத்தால் தடவினால் இடறும். அந்த வளையத்தில் ஊசி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காராது. மூன்றாவது கராஜில், “இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஜப்பான் காரின்ரை காபரேற்றர் ஒண்டு போடுவம்” என்றார்கள். அப்பா காரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அந்த மெக்கானிக்மார் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. பெற்றோல் வழிவது காபரேற்றரில் என்பதால் எல்லோரும் காபரேற்றரையே திறந்தார்கள், அவ்வளவுதான். நான் வயரிங் வேலை செய்பவன். ஒரு வீட்டில் பல்ப் அடிக்கடி எரிந்துபோனால் பல்பைக் குற்றம் சொல்ல முன் வோல்ட் எத்தனை வருகிறது என்று பார்ப்பேன். அந்தப் பழக்கத்தை ஏன் காருக்குக் கொண்டுவரவில்லை என்று ஒரு இரவு படுக்கையில் யோசித்தேன். அமுக்கம் எத்தனை என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை.

எஸ்.யூ. காபரேற்றர் மிகக் குறைந்த அமுக்கத்துக்கு வடிவமைத்தது. மைனரின் பழைய பம்ப் தருவது ஒன்றரை பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரத்தில், அதாவது சதுர அங்குலத்துக்கு ஒன்றரை இறாத்தல். இந்த வகைக் காபரேற்றர்களுக்கு 3 பி.எஸ்.ஐ. தாண்டினால் தொல்லை என்பது பழைய கார்க்காரர்கள் எல்லோரும் சொல்வது. ரயருக்குக் காற்றடிக்கும் மானியில் ஒன்றரை என்பது முள் அசைவதற்கே போதாது. கொழும்பிலிருந்து 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் சின்ன அமுக்கமானி ஒன்று எடுப்பித்தேன். பம்புக்கும் காபரேற்றருக்கும் நடுவே ‘ரீ’ (T) வடிவத் துண்டு போட்டு, பெற்றோலுக்கென்றே வரும் ஹோஸால், கிளிப் இறுக்கி மானியைப் பூட்டினேன். மீன்தொட்டிக் குழாயால் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். பெற்றோல் பட்டால் அது இளகும், கழரும்.

ஓடவிட்டு, மெதுவோட்டத்தில் பார்த்தபோது மானி 5.2 காட்டியது. எஞ்சினை நிறுத்தித் திறப்பை மட்டும் போட்டு வைத்தபோது 5.5க்கு ஏறி நின்றது. இரண்டு தரம் மானியைத் தட்டிப் பார்த்தேன். பம்பின் வயரில் வோல்ட் பார்த்தேன், 12.4. எல்லாம் சரி, பம்ப் தன் வேலையைத்தான் செய்கிறது. இந்தக் காருக்கு அந்த வேலை நாலு மடங்கு அதிகம்.

இது எப்படி வழிவாக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் எல்லாக் கராஜிலும் விடுபட்ட இடம். மிதவை அறைக்குள் பெற்றோல் ஏற ஏற மிதவை ஏறும், அது தன் நெம்பால் ஊசியை மேலே தள்ளிச் சீற்றில் உள்ள துளையை அடைக்கும். பம்ப் அந்தத் துளை வழியாக ஊசியைக் கீழே தள்ளுகிறது. இரண்டு தள்ளலும் சமமாகிற இடத்தில் பெற்றோல் மட்டம் நிற்கும். எங்கள் சீற்றின் துளையில் 2.5 மில்லிமீற்றர் துளைக்கம்பி இறுக்கமாக நுழைந்தது. அந்தப் பரப்பில் ஒரு பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 3.4 கிராம் நிறையின் தள்ளல். ஒன்றரை பி.எஸ்.ஐ.யில் 5 கிராம், ஐந்தரையில் 19 கிராம். 19 கிராம் தள்ளலை எதிர்த்து மூட மிதவை இன்னும் ஆழமாகப் பெற்றோலில் அமிழ வேண்டும், அதாவது பெற்றோல் இன்னும் மேலே ஏற வேண்டும். எஸ்.யூ.வில், எஞ்சின் பெற்றோலை உறிஞ்சும் துளையான ஜெற்றின் வாய்க்குச் சில மில்லிமீற்றர் கீழேதான் மட்டம் நிற்க வேண்டும். அந்தச் சில மில்லிமீற்றரைத் தாண்டினால் எஞ்சின் உறிஞ்சாமலே பெற்றோல் ஜெற்றால் பொங்கும். அதற்கும் மேலே போனால் மூடியின் வழிகுழாயால் வெளியே வரும்.

இன்னொரு விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றரை பி.எஸ்.ஐ. பெற்றோலை 1.4 மீற்றர் உயரத்துக்குத் தூக்கும், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரம். ஐந்தரை பி.எஸ்.ஐ. ஐந்து மீற்றருக்கு மேல் தூக்கும், எங்கள் வீட்டு முகட்டைத் தாண்டும். அவ்வளவையும் ஒரு கச்சான் கடலை அளவு ஊசி தடுத்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். வேகமாக ஓடும்போது எஞ்சின் நிறையக் குடிப்பதால் நோய் மறையும். சந்தியில் நிற்கும்போது குடிப்பது குறைவு, அப்போது வழியும். அக்சிலேற்றரை மிதித்தால் தெளிந்ததன் காரணமும் இதுவே.

கண்ணால் காணவும் செய்தேன். காபரேற்றரின் மேல்கிண்ணத்தின் ஆணிகளைக் கழற்றி, கிண்ணத்தையும் உள்ளிருந்த பிஸ்டனையும் நேராக மேலே எடுத்தேன். பிஸ்டனில் தொங்கும் மெல்லிய ஊசி (இது ஊசி வால்வு அல்ல, வேறு) வளைந்துவிடாமல் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் நிறுத்தி வைத்தேன். உள்ளே பித்தளை ஜெற்றின் வாய் தெரிந்தது. தம்பியைத் திறப்பைப் போடச் சொன்னேன், எஞ்சினை அடிக்க வேண்டாம், பம்ப் மட்டும். ஜெற்றின் வாயில் ஈரம் மினுங்கியது, ஒரு முத்தாகத் திரண்டது, பிறகு விளிம்பு உடைந்து எஞ்சின் பக்கமாக வழிந்தது. பதினைந்து விநாடி கூட எடுக்கவில்லை. ஏழு மாதத் தொல்லையை அந்த ஒரு துளியில் பார்த்தேன்.

எஞ்சினுக்குள் என்ன போயிருக்கும் என்று அதன்பிறகுதான் உறைத்தது. ஒயில் கம்பியை இழுத்தால் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி இருந்தது. விரலில் தேய்த்தால் ஒயில் தண்ணீர் போல, மூக்கில் பெற்றோல் மணம். சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிய பெற்றோல் அது. அந்த ஒயிலோடு ஓடினால் பெயாரிங் தேயும். அன்றே ஒயிலை இறக்கினோம், ஃபில்டரும் மாற்றினோம், புதிதாக 20டபிள்யூ50 ஊற்றினோம். ஆனால் காரை எடுக்கவில்லை. அமுக்கம் சரியாகாமல் புதிய ஒயிலையும் கெடுக்க வேண்டாம் என்று விட்டோம்.

முதலில் சுலபமான வழியைப் பிடித்தேன். அமுக்கம் குறைக்கும் ரெகுலேற்றர் ஒன்று, வட்டத் திருகியில் 1 முதல் 5 வரை இலக்கம் போட்டது. அதைப் பம்புக்குப் பின் பூட்டி 1.5இல் வைத்தேன். எஞ்சின் ஓடும்போது மானியில் 2 காட்டியது, பரவாயில்லை என்று சந்தோஷப்பட்டேன். எஞ்சினை நிறுத்தித் திறப்பை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். முள் மெதுவாக ஏறத் தொடங்கியது. இரண்டரை, மூன்று, இரண்டு நிமிடத்தில் நாலு. பெற்றோல் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைத்துக் காட்டும், ஓட்டம் நின்றதும் உள்ளால் கசிந்து அமுக்கம் ஏறிவிடும். ஊசி வால்வு மூடியிருக்கும் நேரம்தான் நமக்கு முக்கியம், அந்த நேரத்தில்தான் இது கைவிடுகிறது. நல்ல ரெகுலேற்றர்கள் இருக்கின்றன, அவற்றில் இந்தக் குறை இல்லை. எதை வாங்கினாலும் எஞ்சினை நிறுத்திப் பம்பை ஓடவிட்டு ஐந்து நிமிடம் மானியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அப்பாதான் கேட்டார், “பழைய பம்பை என்ன செய்தனீ?”

நான் எறியவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கற் தகரத்தில் இருந்தது.

அதைத் திறந்தது இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. மேலே கறுப்பு பேக்கலைற் மூடி, அதற்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாயவிடும் பொயின்ற்ஸ். இரண்டு முனையும் கரியாகிக் குழி விழுந்திருந்தன, ஆனால் அது மட்டும் இல்லை. கீழே உலோகப் பகுதியைப் பிரித்தபோது பெற்றோலின் பிசின் தேன் நிறத்தில் காய்ந்து படிந்திருந்தது, பழைய வார்னிஷ் மணம். பத்து மாதம் நின்ற பெற்றோல் தன் லேசான பகுதியெல்லாம் ஆவியாகிப் பசையாகிவிட்டது. உள்வரும் வால்வின் சின்னப் பித்தளைத் தட்டு அந்தப் பசையில் ஒட்டிக்கிடந்தது. பெற்றோலை உறிஞ்சித் தள்ளும் மெல்லிய தகடான டயபிரம் தோல் போலக் காய்ந்து மடிப்பில் வெடித்திருந்தது. அடியில் உள்ள வலை ஃபில்டரில் துருத் துகள். ஆக, பம்ப் தேய்ந்து சாகவில்லை, நின்றதால் அடைபட்டது.

லண்டனில் இருக்கும் பெரியப்பாவின் மகன் டயபிரமும் பொயின்ற்ஸும் கொண்ட பழுதுபார்க்கும் பொதி ஒன்றை அனுப்பினான். “சாமான் எடுக்கேலாது” என்று சொன்ன பம்புக்கு இங்கிலாந்தில் இன்றும் எல்லாச் சாமானும் புதிதாக வருகிறது. உலோகப் பகுதிகளைக் கழுவி, வால்வுத் தட்டைக் கண்ணாடியில் வைத்த மிக நுண்ணிய தாளில் இலேசாகத் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

டயபிரமை மையத்தில் வைத்திருப்பவை பதினொரு சின்னப் பித்தளை உருளைகள். பிரிக்கும்போதே எண்ணி வைத்திருந்தேன். பூட்டும்போது எண்ணினால் பத்து. பித்தளை காந்தத்துக்குப் பிடிபடாது. விளக்கை அணைத்துவிட்டு ரோர்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தேன், தையல் மெசினின் காலடியில் ஒரு நிழல் நீண்டு தெரிந்தது. இந்த வேலை செய்கிறவர்கள் முதலிலேயே கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பம்பின் முக்கிய அளவு டயபிரமை எத்தனை புரி உள்ளே திருகுகிறோம் என்பதில் இருக்கிறது. பம்பைக் கிடையாகப் பிடித்து, டயபிரமைச் சுற்றிச் சுற்றி உள்ளே திருகிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது பொயின்ற்ஸ் டக்கென்று மறுபக்கம் புரளும். ஒரு கட்டத்தில் புரளாமல் நிற்கும். அங்கிருந்து பின்னால் திருகி, அது திரும்பப் புரளத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கிட்ட உள்ள ஆணித்துளை நேருக்கு வரும்வரை பின்னால் திருகி, அதற்கு மேல் இன்னும் நாலு துளை பின்னால் வர வேண்டும். சுற்றிலும் ஆறு துளை என்பதால் அது ஒரு முழுச் சுற்றில் மூன்றில் இரண்டு. இதில் அவசரப்பட்டால் பம்ப் அடிக்கும், ஆனால் முழு அளவு அடிக்காது. நான் மூன்று தரம் திரும்பச் செய்தேன்.

பொயின்ற்ஸ் உள்ள இந்தப் பழைய பம்புக்குப் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. மின்னணுப் பம்புக்கு அந்தக் கவலை உண்டு. பொடியில் பிளஸ் உள்ள கார்க்காரர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

தாங்கியையும் விட முடியாது. இருந்த பெற்றோலை இறக்கினோம், கள்ளு நிறத்தில் கலங்கி வந்தது. இரண்டு தரம் புதிய பெற்றோல் கொஞ்சம் விட்டு ஆட்டி இறக்கியபின் தெளிந்தது. தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு பெரிய, தடை குறைந்த ஃபில்டர் போட்டோம். ஊசியும் சீற்றும் மூன்றாம் தரமாகப் புதிது, இந்த முறை முனையில் றபர் உள்ள வகை. பம்பைப் பூட்டி, மானியையும் பூட்டித் திறப்பைத் திருப்பினேன். இருபது இருபத்தைந்து டிக் வேகமாக, பிறகு ஆறுதலாக மூன்று, பிறகு அமைதி. முள் 1.4இல் நின்றது. அப்பா திண்ணையில் இருந்தபடியே “ஆ, கேக்குது” என்றார்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கறுப்புப் புகை போனது, சந்தியில் தடுமாறுவது போனது. ஆனால் சாவகச்சேரி போய் வந்து நிறுத்திய பத்தாவது நிமிடம் கொட்டிலுக்குள் பெற்றோல் மணந்தது. வழிகுழாயின் நுனியில் ஒரு துளி. சூட்டோடு திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் அடிக்க வேண்டியிருந்தது.

அப்பா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “மைனர் எண்டால் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும், இருவது முப்பது வருசமா அப்பிடித்தான்” என்றார். அது உண்மை. சிறுவயதில் பின்சீற்றில் படுத்துக்கொண்டு போகும்போது வந்த மணம் அதுதான். நாங்கள் அதைக் காரின் மணம் என்றே எண்ணியிருந்தோம்.

அமுக்கம் 1.4, ஊசி புதிது, மிதவை புதிது. மிச்சம் இருப்பது மிதவையின் உயரம். மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் பாரத்தில் ஊசி மூடும். அந்த நிலையில் மிதவை நெம்புக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் எட்டில் ஒரு அங்குலம் முதல் பதினாறில் மூன்று அங்குலம் வரை, அதாவது 3.2 முதல் 4.8 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். எங்களதில் 1 மில்லிமீற்றர் துளைக்கம்பிதான் நுழைந்தது. இடைவெளி குறைந்தால் மிதவை அதிக உயரம் ஏறித்தான் ஊசியை மூடும், மட்டம் நிரந்தரமாக உயர்ந்தே நிற்கும். ஓடும்போது அது தெரியாது. சூட்டோடு நிறுத்தியதும் கீழே உள்ள இரும்பின் வெப்பம் மேலே ஏறி மிதவை அறைப் பெற்றோல் விரிந்து குமிழியிடும்போது, ஏற்கனவே விளிம்பில் நிற்கும் பெற்றோல் வெளியே வரும்.

ஆனால் இது புதிய மிதவை, அது எப்படி அதே பிழையோடு? இரண்டாவது கராஜுக்குப் போய்க் கேட்டேன். பழைய மிதவையின் நெம்பைப் பார்த்து அதே வளைவில் புதிதையும் வளைத்ததாக அவரே சொன்னார். பழையது இன்னும் அவரிடம் இருந்தது, தந்தார். அதன் நெம்பிலும் வேண்டுமென்றே குறட்டால் பிடித்து வளைத்த அடையாளம், பற்தழும்பு இரண்டு.

அதை அப்பாவிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது மண்ணெண்ணைக்கு வளைச்சது” என்றார்.

1990இல் போர் திரும்பத் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலம். யாழ்ப்பாணத்து மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் கண்ணெரிவுமாக ஓடிய அந்த வருடங்கள் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். மண்ணெண்ணெய் பெற்றோலை விட அடர்த்தி கூடியது, பெற்றோல் 0.74 அளவில் என்றால் அது 0.8. அடர்த்தி கூடிய திரவத்தில் மிதவை மேலே நின்று ஊசியை முந்தி மூடிவிடும், மட்டம் குறையும். அதை ஈடுசெய்ய நெம்பை வளைத்து மட்டத்தை உயர்த்தியிருக்க வேண்டும். யார் வளைத்தது என்று அப்பாவுக்குத் தெரியும், அவர் இப்போது இல்லை. அந்தக் காலத்துக்கு அது சரியான வேலை, அந்தக் கார் எங்கள் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிறகு பெற்றோல் வந்தது, நெம்பை யாரும் திரும்ப வளைக்கவில்லை. ஒன்றரை பி.எஸ்.ஐ. பம்ப் இருந்தவரை அது ஒரு துளியும் ஒரு மணமுமாக மட்டும் இருந்தது. ஐந்தரை பி.எஸ்.ஐ. வந்ததும் இரண்டு பிழையும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. ஊசியை மட்டும் மாற்றியபோது இரண்டு நாள் சரியாகித் திரும்ப வழிந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நெம்பை விரலால் மெதுவாக வளைத்து 4 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தேன். வளைக்கும்போது ஊசியின் மேல் பாரம் போடக்கூடாது, றபர் முனை நசியும்.

அதற்குப் பிறகு கிளிநொச்சி வரை போய் வந்தோம். ஆனையிறவில் வெயிலுக்குள் அரை மணி நேரம் நிறுத்தினோம், சூட்டோடு ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. பிளக்குகள் கரியிலிருந்து மங்கிய பிஸ்கற் நிறத்துக்கு வந்திருக்கின்றன. வழியும்போது லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் தந்த கார் இப்போது பதின்மூன்றரை தருகிறது. இரண்டாம் தரம் ஒயில் பார்த்தபோது மட்டம் ஏறவில்லை, பெற்றோல் மணமும் இல்லை.

பெட்டிப் பம்பை எறியவில்லை. அதன் மேல் சிவப்பு மையால் 5.5 என்று எழுதி அதே பிஸ்கற் தகரத்தில் வைத்திருக்கிறேன். வளைந்த பழைய மிதவையை அப்பா தன் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். காலையில் நான் திறப்பைத் திருப்பும்போது அவர் உள்ளே இருந்து டிக் எண்ணுகிறார். ஒரு இரவு நின்றபின் ஏழு அல்லது எட்டு அடிக்கும். நேற்று ஒன்பது என்றார், பொனற்றைத் திறந்து பார்த்தோம், தாங்கிப் பக்க ஹோஸின் கிளிப் ஒன்று இலேசாகத் தளர்ந்திருந்தது.